பல்பொடி டப்பாவில் என் எழுத்துகள்

எங்கள் அக்காவைப் பற்றி இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று அத்தான் சொல்லிவிட்டார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அக்கா மகள் தேன்மொழி பிளஸ் டூ படிக்கிறாள், அவள் எழுதட்டும் என்றேன். "அவ ரெண்டு வரி எழுதிட்டு அழுவா. நீ எழுது மச்சான்" என்றார். ஆகவே எழுதுகிறேன். பிழை இருந்தால் தேன்மொழி திருத்தியிருப்பாள். திருத்தாமல் விட்டது என் பொறுப்பு.

அக்கா கள்ளிக்குப்பத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் ஏரிப் பாசன வயல்களில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். வயல்கள் மனைகளாக மாறின. அப்பா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன் ஆனார், அம்மா அதே கம்பெனியில் பெருக்கினார். அக்கா எட்டாவது வரை படித்தார். நன்றாகப் படித்தார் என்று அம்மா சொல்வார். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து வேலை போனதும், ரப்பர் வாஷர்களின் பிசிறு நறுக்கும் பட்டறைக்கு அக்கா வேலைக்குப் போனார். அவருடைய வலது கட்டைவிரலில் கத்தரிக்கோல் காய்ப்பு கடைசிவரை இருந்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் ஆறாம் வகுப்பு வரை போனேன். அதற்கு மேல் போகாததற்குச் சம்பளம் காரணம் இல்லை. எனக்கு ஓரிடத்தில் உட்கார வரவில்லை.

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அத்தானுக்கு அக்காவைக் கொடுத்தோம். அவர் திருத்தணிப் பக்கம். திருமணத்துக்குப் பிறகு அக்கா குவார்ட்டர்ஸுக்குப் போனார். அங்கே ஒரே வரிசையில் திருநெல்வேலி, தருமபுரி, தஞ்சாவூர், கோயம்புத்தூர் என்று எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நின்றால் தமிழ்நாட்டையே காதால் கேட்கலாம். எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் திருநெல்வேலிப் பக்கம். அக்காவுக்கு அவர்தான் முதல் சிநேகிதி, கடைசி வரைக்கும் அவர்தான்.

அக்கா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பார். ஒரு முறை அதிகாரி வீட்டுக்கு ரவிக்கை கொடுக்கப் போனவர், அங்கே பிள்ளைகள் ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் சேர்த்து விளையாடுவதைப் பார்த்தார். வாசலிலேயே நின்று ஆட்டம் முடியும் வரை பார்த்துவிட்டுத்தான் வந்தார். வந்ததும் சட்டை வாங்கிய அட்டைப் பெட்டிகளைச் சதுரம் சதுரமாக வெட்ட ஆரம்பித்தார். தமிழில் அதைச் செய்வது அவர் எண்ணம்.

நான் அப்போது பெங்களூர் ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். அக்கா பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த எழுத்து அட்டவணையை அப்படியே எழுதியிருந்தார். இருநூற்று நாற்பத்தேழும் இருந்தன, எழுத்துக்கு ஒரு அட்டை. தூக்கிப் பார்த்தால் என் கையில் ஙௌ.

"இன்னாக்கா இது? ஙௌவ வெச்சிகினு நான் எங்க போவேன்?"

"எழுத்துன்னா எல்லாந்தாண்டா. ஒண்ண உட்டு ஒண்ண எப்புடி எழுதறது? பாவம் இல்ல?"

அத்தான் கையில் ஞோ, ணூ, ழீ. அவர் மூன்றையும் வரிசையாக வைத்து உரக்கப் படித்துப் பார்த்தார். "இத வெச்சி வார்த்த வராதுமா. வாந்திதான் வரும்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த ஞாயிறு அட்டைகளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் வேறு விதமாக எழுதினார். கா, கி, கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே க. அதை எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். புள்ளியும் வேண்டாம், காலும் கொம்பும் வேண்டாம். அதன் பிறகு ஆட்டம் ஓடியது. கேரம் பலகையின் பின்பக்கத்தில் அத்தான் சிவப்பு எனாமல் பெயிண்டால் கட்டம் போட்டார். துணிப் பையிலிருந்து பார்க்காமல் ஆளுக்கு ஏழு எழுத்து எடுத்து, கட்டத்தில் கோத்துச் சொல் சேர்க்க வேண்டும். பிறகு அட்டைகள் நைந்ததும் பிளைவுட் துண்டுகளை அறுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார்.

அகராதி யாரிடமும் இல்லை. எது சொல், எது சொல் இல்லை என்று சண்டை வந்தது. ஒரு நாள் பேச்சியம்மாள் ச, ள, வ என்று மூன்று எழுத்தை வைத்து, "சொளவு" என்றார்.

"சொளவா? இன்னாது அது? அப்புடி ஒண்ணும் கெடையாது" என்றாள் தேன்மொழி. அவளுக்கு அப்போதுதான் எழுத்தே கூட்டத் தெரிந்திருந்தது.

"ஏ தாயீ, அரிசி பொடைக்க எதுல? தலையிலயா? இரி, எடுத்துட்டு வாரேன்" என்று எழுந்து போனவர், தன் வீட்டு முறத்தைக் கொண்டுவந்து பலகை மேலேயே வைத்தார். "இதுதான் சொளவு. எங்கம்மை சொல்லுவா, எங்க ஊரே சொல்லும். போதுமா?"

அன்றிலிருந்து அதுவே எங்கள் வீட்டுச் சட்டம். சொல்லை வைக்கிறவர் அதை யார் வாயில் கேட்டார், எங்கே கேட்டார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் செல்லும். சொல்லத் தெரியாவிட்டால் எழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சட்டத்தால் ஒரு சொல் வைப்பதற்குள் ஒரு கதை வந்துவிடும். அக்காவுக்கு வேண்டியதும் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அந்த வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள். ஊர்ப் பேச்சைப் பேசினால் பிள்ளைகளே சிரிக்கும். இந்தப் பலகையில் மட்டும் அது எடுபட்டது.

இரண்டாவது சட்டம் தொழிற்சாலைச் சங்கினால் வந்தது. ஆட்டம் சூடு பிடிக்கும்போது சங்கு ஊதும். அத்தான் ஷிப்டுக்கு எழுந்து போக வேண்டும். அவர் கையில் இருக்கும் ஏழு எழுத்தையும் பையில் போட்டுவிட்டால் அவருக்கு நஷ்டம். அதனால் அக்கா ஒரு காலிப் பல்பொடி டப்பாவில் அவற்றைப் போட்டு மூடி, பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதி, மின்சார மீட்டர் பலகைக்கு மேல் வைத்தார். அவர் திரும்பி வந்ததும் அதே எழுத்தோடு உட்காரலாம். பிறகு எல்லோருக்கும் ஒரு டப்பா வந்தது. பலகை நிறைந்தால் பலகையில் உள்ளதை மட்டும் பைக்குள் கொட்டுவோம். டப்பாவில் இருப்பது டப்பாவிலேயே இருக்கும். ஆகவே எங்கள் ஆட்டம் என்றைக்கும் முடிந்ததே இல்லை.

எனக்கும் ஒரு டப்பா இருந்தது. நான் பெரும்பாலும் ஊரில் இருக்க மாட்டேன். லாரியில் கிளீனராகப் போனேன். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் இருந்தேன். பிறகு போர் போடும் வண்டியில் சேர்ந்து ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டு போனேன். சாப்பாடு கிடைத்த நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. வருடத்தில் இரண்டு மூன்று முறை ஆவடிக்கு வருவேன். வந்ததும் டப்பாவைத் திறந்து, விட்ட இடத்தில் உட்காருவேன். நான் கொண்டுவரும் சொற்களுக்கு மதிப்பு இருந்தது. "எழுத்து பொறுக்கத்தான் ஊர் ஊரா சுத்தறியா மச்சான்?" என்று அத்தான் கிண்டல் செய்வார். "ஊட்ல குந்திகினு கீறவங்களுக்கு அது எங்கேர்ந்து கெடைக்கும்?" என்று அக்கா எனக்காகப் பதில் சொல்வார்.

ஒரு முறை நான் இரண்டு வருடத்துக்கு மேல் வரவில்லை. பிலாஸ்பூரில் எனக்கு மஞ்சள் காமாலை கண்டது. போர் வண்டிக்காரர்கள் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வண்டி நின்றால் எல்லோருக்கும் சம்பளம் நிற்கும். தேறியதும் அங்கேயே ஒரு ஹோட்டலில் மாவரைத்தேன். ஒரு கார்டு போட்டேன். அதற்குள் அக்கா வீட்டுக்கு வேறு குவார்ட்டர்ஸ் ஒதுக்கியிருந்தார்கள். கார்டு பழைய எண்ணுக்குப் போய்த் தொலைந்தது. பதில் வராததால், என் மேல் கோபம் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த இரண்டு வருடம் ஆவடியில் என்ன நடந்தது என்பதைப் பேச்சியம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலில் தேடினார்கள். பூந்தமல்லியில் லாரிகள் நிற்கும் இடத்தில் அத்தான் பல நாள் போய் விசாரித்தார். ஒரு கிளீனர், போர் வண்டி ஆள் ஒருவன் வடக்கே காமாலையில் செத்துப்போனதாகக் கேள்விப்பட்டேன் என்று சொன்னான். அது வேறு யாரோ, அல்லது நான்தானோ, அவனுக்கும் தெரியாது. அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே காலமாகிவிட்டதால் இதைக் கேட்கவில்லை.

கள்ளிக்குப்பத்திலிருந்து பெரியப்பா வந்தார். நல்ல மனிதர், எங்கள் நன்மைக்குத்தான் சொன்னார். "எவ்ளோ நாள்மா பாத்துகினே கீறது? திருவேற்காட்ல ஒரு நாள் பாத்து காரியத்த முடிச்சிடு. இல்லாங்காட்டி ஆத்மா அலையும்."

"இன்னா பெரிப்பா நீ! உசுரோட கீறப்பவே அலையறவன் அவன். ஆத்மா வேற தனியா அலையணுமா?" என்றாராம் அக்கா. பேச்சியம்மாள் இதைச் சொல்லும்போதெல்லாம் பாதியில் சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்.

சிரித்தாலும் வீட்டில் நிலைமை சிரிப்பாக இல்லை. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அதையே சொன்னார்கள். அத்தானுக்கும் மனம் சோர்ந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எழுத்து பற்றவில்லை. எங்கள் பையில் இருந்ததே இரண்டு ழ. அதில் ஒன்று என் டப்பாவில். மழை, பழம், ஏழு, தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் மிச்சம் ஒன்றுதான். தேன்மொழி டப்பாவை எட்டிப் பார்த்தாள். அத்தான் மெதுவாகச் சொன்னார்:

"அவன் டப்பாவ பையில கொட்டிடலாம்மா. சும்மாதானே கீது."

அக்கா எழுந்து போய் மீட்டர் பலகை மேலிருந்து டப்பாவை எடுத்தார். கொட்டப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மூடியைப் பிரித்துப் பார்க்காமல் இன்னும் இறுக்கி, புடவைத் தலைப்பால் தூசி துடைத்து, அதே இடத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அவன் ஆட்டத்துல கீறான். இப்ப ஆடாம கீறான், அவ்ளோதான். அவன் எழுத்து இல்லாம ஆட முடிஞ்சா ஆடுங்க. முடியலன்னா பலகைய திருப்பிப் போட்டு கேரம் ஆடுங்க."

அதற்குப் பிறகு என் காரியத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. ஒரே ஒரு ழவை வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

நான் வந்தது ஒரு ஞாயிறு மத்தியானம். பழைய குவார்ட்டர்ஸில் வேறு யாரோ இருந்தார்கள். அவர்கள் வழி காட்டினார்கள். கதவு திறந்திருந்தது. கூடத்தில் பலகையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தேன்மொழிதான் முதலில் பார்த்தாள். "மா... மாமா!" என்றாள். பேச்சியம்மாள், "ஏ... சாமீ..." என்று சுவரில் சாய்ந்துகொண்டார்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அப்போது பாதியாக இளைத்திருந்தேன்.

"சாப்ட்டியா?"

"ம்."

"பொய் சொல்லாத."

சோறு போட்டார். நான் தின்று முடிக்கும்வரை எதுவும் கேட்கவில்லை. கை கழுவியதும் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். "இந்தா. உன் ஆட்டந்தான். ஆடு."

திறந்தேன். போகும்போது இருந்த அதே ஏழு எழுத்து. அன்றைக்கு அவற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றாமல்தான் எழுந்து போயிருந்தேன். இப்போது பார்த்ததும் தெரிந்தது. பலகையில் பேச்சியம்மாள் வைத்த 'உலக்கை' இருந்தது. அதன் ல மேல் முடியும்படி க, ழ, ந, ல என்று வைத்தேன்.

"கீழாநெல்லி" என்றேன்.

"ஐய! ழ வந்திச்சிடா சாமி! ரெண்டு வருசமா ஒத்த ழவ வெச்சிகினு சாவறோம் மாமா!" என்று தேன்மொழி கத்தினாள்.

அத்தான் சட்டப்படி கேட்டார். "யார் வாயில கேட்ட?"

"பிலாஸ்பூர் ஆஸ்பத்திரில. பக்கத்து கட்டில்ல ஒரு தர்மபுரிகாரரு. அவருதான் ஆள உட்டு பறிச்சாரச் சொல்லி, அரைச்சி மோர்ல குடுத்தாரு."

"ஆஸ்பத்திரியா? இன்னாத்துக்குடா ஆஸ்பத்திரி?" என்றார் அக்கா.

அப்படித்தான் எல்லாம் வெளியே வந்தது. எங்கே போனாய், ஏன் வரவில்லை என்று நேராகக் கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அது என் பழக்கம். யார் வாயில் கேட்டாய் என்ற கேள்விக்கு மட்டும் அந்தப் பலகையில் மழுப்ப முடியாது. காமாலை, கட்டில், மாவரைத்தது, தொலைந்த கார்டு எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அழவில்லை. கேட்டு முடித்ததும், "சரி. செல்லும்" என்றார். வைத்த எழுத்துக்குப் பதில் எழுத்தை அவரவரே பையிலிருந்து எடுக்க வேண்டும். அன்று அத்தான் தானே பைக்குள் கைவிட்டு எனக்கு எடுத்துக் கொடுத்தார். அது சட்டத்துக்கு விரோதம். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அதற்குப் பிறகும் நான் சில வருடம் சுற்றினேன். ஆனால் போகும்போது முகவரி சொல்லிவிட்டுப் போனேன். பிறகு பருத்திப்பட்டில் ஒரு அறை எடுத்து, திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் வேன் ஓட்ட ஆரம்பித்தேன். ஓரிடத்தில் உட்கார வராதவனுக்கு ஏற்ற வேலை. ஓடிக்கொண்டும் இருக்கலாம், சாயங்காலம் வீட்டுக்கும் வரலாம். வேனில் ஏறுகிறவர்களின் பேச்சிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு ஏதாவது கிடைக்கும்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அது முற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் பலகை வைக்க இடமில்லை. சாப்பாட்டுத் தட்டில் எழுத்துகளை அடுக்கிக் கொடுத்தோம். பக்கத்துப் படுக்கைகளில் இருந்த பெண்களும் சொல் சொல்ல ஆரம்பித்தார்கள். செங்கல்பட்டுப் பக்கத்து அம்மாள் ஒருவர், அறுவை சிகிச்சைக்குப் போகும் முன், "என் எழுத்த எட்த்து வெய்யி, வந்து ஆடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வந்து ஆடவும் செய்தார்.

கடைசி வாரத்தில் அக்காவால் தட்டைப் பிடிக்க முடியவில்லை. தன் எழுத்தை டப்பாவில் போடச் சொன்னார். தேன்மொழி போட்டு மூடினாள்.

"மூடாதடி. எனக்கப்புறம் பையில கொட்டிடு."

"மாட்டேன். மாமா டப்பாவ மட்டும் வெச்சிருந்த இல்ல?"

"அவன் வருவான்னு வெச்சிருந்தேன். நான் வர்றதுக்கா போறேன்?" அக்கா சிரித்தார். மூச்சு வாங்கியது. "எழுத்து பத்தாம ஆடக் கூடாதுடி. கஷ்டம். நான் ஆடிப் பாத்துகீறேன்."

அக்கா போன பிறகு இந்த ஓராண்டாக அந்தப் பலகையை யாரும் எடுக்கவில்லை. டப்பா மீட்டர் பலகை மேலேயே இருந்தது. தேன்மொழியால் அதைத் தொட முடியவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. போன ஞாயிறு அவளே என்னிடம் வந்தாள். "அம்மா சொன்னது நியாயந்தான் மாமா. வருஷ திதி அன்னிக்கி எல்லாரும் கீறப்ப நானே கொட்டறேன்" என்றாள். அதனால்தான் இதையெல்லாம் எழுதினேன்.

அக்காவின் கடைசி நாட்களில் உடனிருந்தவர்களுக்கு எங்கள் நன்றி. வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பேச்சியம்மாளுக்கும், முகம் சுளிக்காமல் துணி மாற்றிய வார்டு ஆயாவுக்கும், ரத்தம் கொடுத்த அத்தானின் செக்‌ஷன் நண்பர்களுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஆட்டோ எடுத்துவந்த தெருமுனைத் தம்பிக்கும், கள்ளிக்குப்பத்திலிருந்து நடந்தே வந்து கடைசிக் காரியங்களை முன்னின்று செய்த பெரியப்பாவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் சாப்பிட்டதும் உடனே கிளம்பிவிடாதீர்கள். கூடத்தில் கேரம் பலகையைத் திருப்பிப் போடுவோம். தேன்மொழி டப்பாவைத் திறந்து பைக்குள் கொட்டிக் குலுக்குவாள். பிறகு ஆளுக்கு ஏழு எழுத்து எடுங்கள். ஆட்கள் அதிகமானால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள். அதில் எது அக்காவுடையது என்று யாருக்கும் தெரியாது. யார் கைக்கும் அது வரலாம். வந்ததை ஒரு சொல்லில் வையுங்கள். யார் வாயில் கேட்டீர்கள் என்று நாங்கள் கேட்போம். அக்கா வாயில் கேட்டேன் என்று சொன்னால், அது செல்லும்.